ஈனிலும் சுமைதாங்கியும்

(திங்கட் கூட்டமொன்றில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)

'இயற்கைப் பேறும் இல்லப் பேறும்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். மகப்பேற்றைப் பற்றிப் பேசத் தமிழாசிரியனுக்கு என்ன தகுதி என்று சிலர் எண்ணக்கூடும். மருத்துவம் நான் கற்ற துறையன்று. ஆயினும் இன்று 'இயற்கை', 'மரபு', 'தமிழர் வழி' என்னும் மூன்று சொற்களைச் சொல்லியே இளம் பெற்றோர் சிலரை ஒரு வழியில் இழுத்துச் செல்கின்றனர். சொல்லுக்குப் பொருள் காண்பது தமிழாசிரியன் கடமை. வகுப்பறையில் ஒரு சொல்லுக்குப் பிழையாகப் பொருள் கொண்டால் மதிப்பெண் குறையும். இச்சொற்களுக்குப் பிழையாகப் பொருள் கொண்டால் உயிர் போகும். அக்கரணியத்தாலேயே உங்கள் முன் நிற்கின்றேன்.

சில திங்களுக்கு முன், என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் தம் மனைவியாருடன் என் இல்லத்திற்கு வந்திருந்தார். அவ்வம்மையார் ஏழு திங்கட் சூலி. "ஐயா, மருத்துவமனைக்குச் செல்லாமல் நம் முன்னோர் வழியில் வீட்டிலேயே பிள்ளையைப் பெற்றுக்கொள்வதென்று முடிவு செய்திருக்கிறோம். தமிழ்வழி வாழ்வை வலியுறுத்துபவர் நீங்கள், எங்களை வாழ்த்த வேண்டும்" என்றார் அத்தம்பி. "உடன் இருந்து பார்க்கப்போகும் மருத்துவச்சி யார்?" என்று கேட்டேன். "யாருமில்லை ஐயா, நாங்கள் இருவருமே. காணொலிகள் பார்த்திருக்கிறோம்" என்றார். எனக்குச் சினம் வரவில்லை, அச்சம் வந்தது. அன்று அவ்விருவரிடமும் பேசியவற்றின் விரிவே இன்றைய பொழிவு.

சொற்கள் கூறும் பொருள்

முதலில் சொற்களைப் பார்ப்போம். பெறு என்னும் வினையடியினின்று பிறந்தது பேறு. அடைதற்கரிய செல்வத்தையும் பேறு என்கிறோம்; பிள்ளை பிறத்தலையும் பேறு என்கிறோம். அப்பேற்றை அடைந்தவர் பெற்றோர். இச்சொல் தாயை மட்டும் குறிப்பதன்று. தந்தையையும் சேர்த்தே குறிக்கும். வலி தாய்க்கு மட்டும் உரியது. பேறு இருவர்க்கும் உரியது. அங்ஙனமாயின் பேற்றுக்கான முன்னேற்பாடும் இருவர்க்கும் உரியதன்றோ?

அடுத்தது மருத்துவச்சி என்னும் சொல். பிள்ளைப்பேறு பார்க்கும் பெண்ணுக்குத் தமிழ் வேறொரு சிறிய பெயரை இடவில்லை. மருத்துவன் என்பதற்கு நேர்ப் பெண்பாலாக மருத்துவச்சி என்றே அழைத்தது. பேறு இயற்கையானதே, ஆனால் அதன் அருகில் மருத்துவம் அறிந்த ஒருத்தி இருத்தல் வேண்டும் என்பது அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. மருத்துவச்சி இல்லாத பேற்றை 'மரபுவழிப் பேறு' என்பது மரபுக்கே மாறானது.

மூன்றாவது சொல், நம்மிற் பலர் மறந்துவிட்ட சொல்: ஈனில். ஈனும் இல், ஈனில். குறுந்தொகையின் 85-ஆம் பாட்டில் வடம வண்ணக்கன் தாமோதரனார் இச்சொல்லை ஆண்டிருக்கின்றார். ஊர்க்குருவியின் சேவல், சூல் முதிர்ந்த தன் பேடைக்கு ஈனில் அமைக்க விரும்பிக் கரும்பின் வெண்மையான பூவைக் கோதுகின்ற காட்சி அது. அச்சிற்றுயிரிடம் நாம் கற்க வேண்டியவை இரண்டு. பேடைக்கு நேரம் வந்த பின்னர்ச் சேவல் பறந்து திரியவில்லை. முன்னரே வேலையைத் தொடங்கிவிட்டது. கிடைத்ததைக் கொண்டு கட்டவும் இல்லை; தேர்ந்தெடுத்துக் கட்டுகிறது. கூரையும் சுவரும் மட்டும் ஈனில் ஆகா. சூலுற்றவளுக்காக அன்புடையார் காலத்தே செய்துவைக்கும் ஏற்பாடு முழுவதுமே ஈனில். இப்பொழிவில் நான் சொல்ல வந்தது இவ்வொன்றே.

அவர்கள் ஏன் அஞ்சுகின்றனர்?

வீட்டிற் பிள்ளை பெற விரும்புவோரை அறிவிலிகள் என்று ஏசிவிடுவது எளிது. 2018-ஆம் ஆண்டில் திருப்பூரில், வீட்டில் மகப்பேற்றுக்கு முயன்ற இளந்தாய் ஒருவர் இறந்த செய்தி நாடெங்கும் பரவியது. அடுத்த சில நாள்களில், இல்லப் பேற்றுக்குப் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்த ஒருவர் கோவையில் தளைப்படுத்தப்பட்டார். தளைப்படுத்தியது முறையே. ஆனால், மருத்துவமனையை விட்டு மக்கள் ஏன் ஓட நினைக்கின்றனர் என்னும் கேள்வி அதனோடு முடிந்துவிடவில்லை.

நடுவணரசின் ஐந்தாம் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21-இல் நடந்தது. அதன்படி தமிழ்நாட்டில் 100 பேறுகளுள் ஏறத்தாழ 45, சிசேரியன் என வழங்கும் அறுவைப் பேறு. தனியார் மருத்துவமனைகளில் அது 64. அரசு மருத்துவமனைகளில் 36. இந்தியா முழுமைக்கும் எடுத்துக்கொண்டால் 22-க்கும் குறைவு. 2015-16-இல் எடுத்த கணக்கில் தமிழ்நாட்டின் அளவு 34-ஆக இருந்தது. உலக நலவாழ்வு அமைப்பு கூட்டிய வல்லுநர் குழு, 10 முதல் 15 விழுக்காட்டிற்கு மேல் அறுவை செய்யக் கரணியம் எதுவுமில்லை என்று 1985-லேயே கூறிவிட்டது. தமிழ்ப்பெண்ணின் உடல் நான்கைந்து ஆண்டுகளில் இவ்வளவு மாறிவிட்டதா? மாறியது உடலன்று, வழக்கம்.

இவ்வழக்கத்திற்கு மருத்துவரை மட்டும் பழிப்பதும் நேர்மையாகாது. கோள்நிலை பார்த்து, நாளும் ஓரையும் குறித்துக்கொண்டு வந்து, "இந்த நேரத்தில் எடுத்துக் கொடுங்கள்" என்று கேட்கும் பெற்றோரும் உளர். பிள்ளை பிறக்கும் நேரத்தைக் கொண்டு பலன் சொல்வதே மடமை. அப்பலனுக்காக ஒரு பெண்ணின் வயிற்றைக் கிழிப்பதை என்னென்பது!

அறுவை ஒருபுறம் இருக்க, நடத்தும் முறை மற்றொரு புறம். வலியால் துடிப்பவளை அதட்டுகின்றனர். எழுந்து நடக்கவிடாமல் மல்லாக்கக் கிடத்துகின்றனர். கணவனும் தாயும் கதவுக்கு வெளியே நிற்கின்றனர். என்ன செய்யப்போகிறோம் என்று அவளிடம் சொல்லும் வழக்கம் பல இடங்களில் இல்லை. இவற்றையெல்லாம் கேட்டறிந்த பெண், "என் வீட்டுச் சுவருக்குள் என் மக்கள் நடுவில் பெற்றுக்கொள்கிறேன்" என்று எண்ணுவதில் வியப்பில்லை. அவள் வேண்டுவது மதிப்பையும் துணையையும். அவ்விருப்பம் முறையானதே. அதனை அடையத் தேர்ந்த வழிதான் இடர் நிறைந்தது.

சுமைதாங்கி சொல்லும் கணக்கு

"எங்கள் பாட்டி பத்துப் பிள்ளைகளை வீட்டிலேயே பெற்றாள்" என்பது இவர்கள் காட்டும் முதற்சான்று. பத்துப் பெற்ற பாட்டி, பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்ல உயிரோடிருந்தாள். முதற்பேற்றிலேயே மாண்டவள் எந்தப் பேரனிடம் வந்து கதை சொல்வாள்? அவளுக்குப் பேரனே இல்லை!

ஆனால் அவள் கதையைச் சொல்லும் கல் ஒன்றுண்டு. நம் பழைய சாலையோரங்களில் இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பர். தலைச்சுமையோடு வருவோர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கிவைத்து இளைப்பாறுவதற்கானது. அதன் பெயர் சுமைதாங்கி. சூலோடு இறந்த பெண்ணின் நினைவாக அக்கல்லை நடுவது தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் வழக்கம். தன் சுமையை இறக்கிவைக்க முடியாமலே போய்விட்டவள் பெயரால், வழிப்போக்கரேனும் சுமை இறக்கட்டும் என்பது அதன் உட்பொருள். நெஞ்சை உருக்கும் வழக்கம். ஆயின் எத்தனை சாலைகள், எத்தனை சுமைதாங்கிகள் என்று எண்ணிப் பாருங்கள். பாட்டியரின் பெருமையைப் பேசுவோர், தங்கள் ஊர்ச் சுமைதாங்கியின் முன் ஒரு நாழிகை நின்றுவிட்டுப் பேசட்டும்.

பழைய இல்லப் பேற்றைப் பொன்போலப் போற்றுவோர் இன்னும் சிலவற்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். பேறுகாலப் பெண்ணை வீட்டின் நடுவறையிலா வைத்தோம்? தீட்டு என்று சொல்லிக் கொல்லைப்புறத்து இருட்டறையிலும் மாட்டுக்கொட்டிலை ஒட்டிய தாழ்வாரத்திலும் ஒதுக்கினோம். மருத்துவச்சியை எப்படி நடத்தினோம்? நம் பிள்ளையை முதலில் ஏந்திய கை அவள் கை. அவளைக் கீழ்ச்சாதி என்று சொல்லி, வேலை முடிந்ததும் பழஞ்சேலையும் மரக்கால் நெல்லும் கொடுத்து வாயிலுக்கு வெளியே நிறுத்தினோம். கைப்பட்டறிவைத் தாயிடமிருந்து மகள் கற்ற அவ்வறிவு மரபு அறுந்துபோனதற்கு மேலைமருத்துவம் மட்டும் கரணியமன்று. நம் சாதிச்செருக்கும் கரணியம். எந்த மகள் அவ்விழிவைத் தாங்கி அத்தொழிலைத் தொடர்வாள்?

ஈன்ற தாயின் சீம்பாலைக் கெட்டபால் என்று பீய்ச்சி எறிந்ததும், சேனை வைப்பதாகச் சருக்கரை நீரைப் பிள்ளையின் வாயில் விட்டதும், கொடி அறுத்த இடத்தில் சாணமும் சாம்பலும் வைத்ததும் அதே வழக்கங்களிற் சேர்ந்தவைதாம். துருவேறிய இரும்பாலும் சாணத்தாலும் வந்த இழுப்புநோய் பச்சிளங்குழவிகளை வாரிக்கொண்டு போயிற்று. தாய்க்கு ஊசியும் கொடிக்குத் தூய்மையான அலகும் வந்தபிறகே அது தணிந்தது. அந்நோய் இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015-இல் அறிவிக்கப்பட்டது.

மரபில் கொள்ளத்தக்கனவும் பல உள. வலி தொடங்கியபின் நடமாடவிட்டனர். குந்தியும் மண்டியிட்டும் பெறவிட்டனர். பழகிய பெண்டிர் சூழ்ந்திருந்தனர். முதுகை நீவி, ஆறுதல் சொல்லி, வெந்நீரும் கஞ்சியும் கொடுத்தனர். அவை மரபின் மணிகள். மணியையும் உமியையும் ஒரே முறத்திற் போட்டு வைத்துக்கொண்டு, 'மரபு' என்று பெயரிட்டால் போதுமா? புடைத்தல் வேண்டும்.

2001-03-இல் தமிழ்நாட்டில் ஓரிலக்கம் பேறுகளுக்கு 134 தாய்மார் இறந்தனர். 2018-20-இல் அது 54-ஆகக் குறைந்தது. இரவும் பகலும் செவிலியர் இருக்கும் தொடக்க நல நிலையங்களும், 2008-இல் தொடங்கிய 108 ஊர்தியும், குருதி வங்கிகளும் சேர்ந்து செய்த வேலை அது. அதே காலத்தில் அண்டைக் கேரளத்தின் அளவு 19. நாம் இன்னும் போகவேண்டிய தொலைவு உள்ளது. பின்னோக்கி நடக்க நேரமில்லை.

மேலைநாட்டார் வீட்டிற் பெறவில்லையா?

"முன்னேறிய நாடுகளிலேயே வீட்டிற் பெறுகின்றனரே" என்பது அவர்கள் காட்டும் இரண்டாம் சான்று. மெய்தான். ஆனால் எப்படிப் பெறுகின்றனர் என்பதையும் அறிய வேண்டும்.

நெதர்லாந்தில் 1990-களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பேறுகள் வீட்டிலேயே நிகழ்ந்தன. பின்னர் அது பாதியளவாகக் குறைந்தது. அங்கு வீட்டுக்கு வருபவள் நான்காண்டு கல்லூரியிற் பயின்று, அரசின் பட்டியலிற் பெயர் பதிந்த மருத்துவச்சி. சூலுற்ற நாள்முதல் அவளே ஆய்ந்து வருகிறாள். இடர்க்குறி ஒன்று தென்பட்டாலும் வீடு என்னும் பேச்சுக்கே இடமில்லை. பேற்றுக்கு வேண்டிய துணி, பஞ்சு முதலியன அடங்கிய பெட்டி முன்கூட்டியே வீட்டுக்கு வந்துவிடும். பார்ப்பவர் குனிந்து வருந்தாவண்ணம் கட்டிலைக் கட்டை கொடுத்து உயர்த்துவர். பேற்றுக்குப் பின்னர் ஒரு கிழமையளவு பேறுகாலச் செவிலி வீட்டுக்கே வந்து தாயையும் சேயையும் பேணுவாள். நல்ல சாலையும் ஊர்தியும் அண்மையில் மருத்துவமனையும் அங்கு உண்டு. இஃது ஈனில்! தனியே ஒரு கைப்பேசித் திரை ஈனில் ஆகுமா?

இங்கிலாந்தில் இடர்க்குறி இல்லாத ஏறத்தாழ 64,000 தாய்மாரை ஆய்ந்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டனர். முன்பே பிள்ளை பெற்றவர்களுக்கு, மருத்துவச்சி துணையுடன் வீட்டிற் பெற்றாலும் மருத்துவமனையிற் பெற்றாலும் குழந்தையின் நலத்தில் வேறுபாடு காணப்படவில்லை. முதற்பேற்றுத் தாயரிடம் வேறுபாடு தெரிந்தது: குழந்தைக்குக் கேடு நேர்ந்தது மருத்துவமனைப் பிரிவில் 1,000-க்கு 5 அளவு, வீட்டில் 9 அளவு. மேலும் ஒன்று: வீட்டிற் பெற எண்ணிய முதற்பேற்றுத் தாயருள் 100-க்கு 45 பேர், பேற்றின்போதோ அதன்பின் உடனேயோ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர். தேர்ந்தெடுத்த நலமுடைய பெண்கள், பயின்ற மருத்துவச்சியர், காத்திருக்கும் ஊர்தி. அப்படியிருந்தும் 45 பேர்! அவர்களை மாற்றவேண்டும் என்று கண்டறிந்தவள் மருத்துவச்சி. அவள் இல்லாத வீட்டில் யார் கண்டறிவார்? கண்டறிந்தாலும் எவ்வளவு காலங்கடந்து கண்டறிவார்?

இயற்கையின் ஆற்றலும் எல்லையும்

இயற்கை வலிது. பத்துத் திங்களில் ஒரு துளியை முழுவுயிராக்கித் தருவது சிறிய செயலா? குழந்தை வெளிவந்தபின் நஞ்சுக்கொடி பிரிகிறது. பிரிந்த இடத்திற் குருதிக்குழாய்கள் வாய் திறந்திருக்கும். கருப்பையின் தசைநார்கள் சுருங்கி, அக்குழாய்களைச் சுருக்குப்பையின் கயிறுபோல இறுக்கி அடைக்கின்றன. எத்துணை வியப்பான அமைப்பு!

ஆனால் முழுச்சூலில் அக்கருப்பைக்கு மணித்துளிக்கு அரை இலிட்டர்க்கும் மேல் குருதி பாய்கிறது. நீண்ட வலியாற் களைத்தோ, கொடியின் துண்டு உள்ளே தங்கியோ, தசை சுருங்காது போனால் என்னாகும்? நல்ல உடல்நலமுடைய பெண்ணும் இரண்டு மணி நேரத்திற்குள் மாண்டுபோகக் கூடும். எந்த முன்குறியும் இல்லாதவர்க்கும் இது நேர்வதுண்டு. குருதிச்சோகை உடையவளுக்கோ இன்னும் குறைந்த இழப்பே போதும்; நம் நாட்டுச் சூலியருள் ஏறத்தாழப் பாதிப்பேர் சோகையுடையவர்.

இதற்கு முதற்காப்பு ஆக்சிட்டோசின் என்னும் ஊசிமருந்து. குழந்தை பிறந்தவுடன் பத்து அலகு. இதனைச் 'செயற்கை நஞ்சு' என்பார்க்கு ஒன்று சொல்வேன். தாயின் மூளையில் உருவாகி, வலி வரும்போதும் பால் சுரக்கும்போதும் குருதியிற் கலக்கும் அதே பொருள்தான் ஆக்சிட்டோசின். குழந்தை மார்பில் வாய்வைத்து உறிஞ்சும்போது ஊறுவதும் அதுவே. டு விக்னோ என்னும் அமெரிக்க அறிஞர் 1953-இல் அதன் அமைப்பை அறிந்து ஆய்வகத்தில் உருவாக்கினார். 1955-இல் நோபல் பரிசு பெற்றார். இயற்கையை அறிந்து, அது தளரும்போது அதன் கைப்பொருளையே அதற்கு எடுத்துக்கொடுப்பது இயற்கைக்குப் பகையாகுமா?

விழிப்பாகப் பார்த்திருத்தலும் ஒரு மருந்தே. ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில் ஈரிலக்கத்திற்கும் மேற்பட்ட தாய்மாரிடையே நடந்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. வெளியேறும் குருதியை அளவுக்கோடிட்ட பையிற் பிடித்து அளந்து, அளவு மீறியவுடன் வகுத்தமுறையில் எல்லா உதவியையும் ஒருங்கே செய்தனர். கடுமையான குருதிப்போக்கும் அதனால் வரும் கேடுகளும் 60 விழுக்காடு குறைந்தன. கண்ணளவையால் 'கொஞ்சந்தான்' என்று எண்ணி ஏமாறுவது எவ்வளவு எளிது என்பதை இது காட்டுகிறது.

குழந்தையையும் நினையுங்கள். பிறக்கும் 100 குழந்தைகளுள் 10 அளவினர்க்கு மூச்சைத் தொடங்கச் சிறிதேனும் உதவி வேண்டியிருக்கிறது. பலர்க்குத் துடைத்து முதுகைத் தேய்த்தாற் போதும். சிலர்க்கு முகமூடியும் பையும் கொண்டு காற்றூட்ட வேண்டும். முதல் ஒரு மணித்துளிக்குள் அது நடக்க வேண்டும். ஊர்தி எவ்வளவு விரைந்து வந்தாலும் ஒரு மணித்துளியில் வாராது.

ஈனில் கட்டும் முறை

ஆகவே, மணமக்களே, உங்களுக்கு நான் சொல்லும் வழி இது. பயின்ற மருத்துவச்சியும், மாற்றிச் செல்லும் ஏற்பாடும் இல்லாத இன்றைய நிலையில், வீட்டில் தனித்துப் பிள்ளை பெற முனையாதீர்கள். அறுவையின்றி இயல்பாகப் பெறும் விருப்பத்தையும் கைவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்துக் கட்டுங்கள் உங்கள் ஈனிலை.

தாய் செய்ய வேண்டுவன: சூல் அறிந்தவுடன் பதிவு செய்துகொள்ளுங்கள். பேற்றுக்குமுன் எட்டு முறையேனும் ஆய்வு வேண்டும் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் 2016-ஆம் ஆண்டு அறிவுரை. குருதி அழுத்தம், குருதிச் செம்மை, சிறுநீர், குருதிப் பிரிவு ஆகியவற்றை அறிந்து ஓர் ஏட்டிற் குறித்து வையுங்கள். இரும்பு வில்லைகளை நாளும் உட்கொள்ளுங்கள்; கீரையும் பயறும் முட்டையும் அதனோடு சேரட்டும். கீரை மட்டும் போதும் என்று வில்லையை எறியாதீர்கள். நடங்கள், குந்தி எழுந்து பழகுங்கள், மூச்சை நிதானமாக விடப் பழகுங்கள். தாயும் அத்தையும் அடுக்கும் அச்சக்கதைகளைக் கேட்பதினும், நன்றாகப் பெற்ற பெண்ணோடு அமர்ந்து பேசுங்கள்.

தந்தை செய்ய வேண்டுவன: சேவற்குருவியின் வேலை உங்களுடையது. எந்த மருத்துவமனை, இரவு இரண்டு மணிக்கு அங்குச் செல்ல எத்தனை மணித்துளி ஆகும் என்பதை ஒருமுறை சென்றே அறிந்துகொள்ளுங்கள். ஊர்தியோட்டும் இருவர் எண்ணைக் கேட்டு வையுங்கள். 108 உங்கள் நினைவில் இருக்கட்டும். மனைவியின் குருதிப் பிரிவுக்கு ஏற்றவர் இருவரை முன்னரே கண்டு ஒப்புதல் பெறுங்கள். பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். மூத்த பிள்ளையை யார் பார்ப்பார் என்பதை முடிவு செய்யுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, "இப்போதே போகலாம்" என்று முடிவு செய்யும் உரிமையை உங்கள் மனைவியிடமே விடுங்கள். மாமியாரின் இசைவுக்கும் நல்ல நேரத்துக்கும் காத்திருந்து இறந்தோர் பலர்.

காலந்தாழ்த்தாமல் புறப்பட வேண்டிய குறிகளைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்: எந்நிலையிலும் குருதி கசிதல்; பனிக்குடம் உடைந்து நீர் பசுமையாகவோ நாற்றத்தோடோ வருதல்; கடுந்தலைவலியும் கண்மங்கலும்; முகம் கைகளின் வீக்கம்; வலிப்பு; காய்ச்சல்; குழந்தையின் அசைவு குறைதல்; கொடி முன்னே வந்து தெரிதல். எதிர்பாராமல் வழியிலோ வீட்டிலோ குழந்தை பிறந்துவிட்டால், துடைத்துத் தாயின் வெறுமார்பில் கிடத்திப் போர்த்துங்கள். கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள். வீட்டுக் கத்தியால் அறுக்காதீர்கள். அந்நிலையிலேயே மருத்துவமனைக்கு விரையுங்கள். பிறந்த 21 நாள்களுக்குள் பதிவையும் முடியுங்கள்.

மருத்துவமனையில் கேட்க வேண்டுவன: முன்கூட்டியே சென்று பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். பேற்றின்போது நான் விரும்பும் ஒருவர் உடன் இருக்கலாமா? நடக்கலாமா, விரும்பியவாறு அமரலாமா, நீர் அருந்தலாமா? தேவையின்றிப் பிறப்புவாயை வெட்டுவீர்களா? கொடியை ஒரு மணித்துளியேனும் கழித்து வெட்டுவீர்களா? நலமாயிருந்தால் முதல் ஒரு மணி நேரம் குழந்தையை என் மார்பிலேயே விடுவீர்களா? இவை ஆடம்பரமான வேண்டுகோள்கள் அல்ல. உலக நலவாழ்வு அமைப்பு 2018-இல் வெளியிட்ட 56 பரிந்துரைகளுள் அடங்கியவையும் அவற்றோடு ஒத்தவையுமே. துணையைப் பற்றி ஒரு சான்று: 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் பார்த்தனர். இடைவிடாத துணை பெற்றவர்களிடம் இயல்புப்பேறு மிகுந்தது, அறுவை குறைந்தது, வலியின் நேரமும் குறைந்தது. நம் பாட்டியரின் கையால் நீவிய முதுகு பொய் சொல்லவில்லை!

மற்றொன்று. அறுவைக்கு ஒப்புதல் கேட்கும் தாள் தமிழில் இருக்க வேண்டும். ஏன் அறுவை, செய்யாவிடின் என்ன, காத்திருக்க இயலுமா என்பதைத் தமிழிற் சொல்ல வேண்டும். தெரியாத மொழியில் எழுதிய தாளில் வலிக்கு நடுவே இடும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது.

இத்தனையும் செய்தபின்னும் அறுவை வேண்டியதாகலாம். குழந்தை குறுக்கே கிடக்கலாம், கொடி வழியை மறைக்கலாம், நெஞ்சத்துடிப்புத் தளரலாம். அப்போது அறுவையே ஈனில். அறுத்தெடுத்ததால் அவள் தாய்மையிற் குறைந்தவள் என்று சொல்லும் வாய் எவருடையதாயினும் அதனை அடக்குங்கள். எவ்வழியில் வந்தாலும் அது பேறே.

மருத்துவர்க்கும் அரசுக்கும்

மருத்துவப் பெருமக்களுக்கும் ஒரு சொல். 1846-இல் வியன்னா நகரின் பெரிய மருத்துவமனையில் இரண்டு பேற்றுப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர் பார்த்த பிரிவில் 100 தாய்மாருக்கு 11 பேர் இறந்தனர். மருத்துவச்சியர் பார்த்த பிரிவில் 3 பேரும் இல்லை. பிணம் அறுத்த கையோடு மாணவர் பேறு பார்த்ததே கரணியம் என்று செம்மல்வெய்சு என்னும் இளம் மருத்துவர் கண்டார், 1847-இல் அவர்களைக் கைகழுவச் செய்தார், இறப்பு விழுந்தது. மேலோர் பலர் அவரை ஏளனம் செய்தனர். கற்றோரும் பிழை செய்வர். மருத்துவச்சியிடம் கற்க வேண்டியதும் உண்டு என்பதற்கு இவ்வரலாறு சான்று. மக்கள் உங்களை நம்ப வேண்டுமானால் அவர்களை அதட்டாதீர்கள், அவர்களோடு பேசுங்கள்.

அரசுக்கு நாம் வைக்கும் கோரிக்கையும் அதுவே. இந்தியாவில் மருத்துவச்சியர் தொண்டை மீண்டும் வளர்ப்பதற்கான வழிமுறைகளை நடுவணரசு 2018-இல் வெளியிட்டது. தமிழ்நாட்டின் ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும், இடர்க்குறியற்ற பேறுகளை முழுப்பயிற்சி பெற்ற மருத்துவச்சியரே பார்க்கும் பிரிவு வேண்டும். அறுவை அறை அடுத்த கதவில் இருக்க வேண்டும். வீட்டின் அமைதியும் மருத்துவமனையின் காப்பும் ஒரு கூரையின்கீழ்ச் சேர்வது அங்குத்தான். நாம் இழிவுசெய்து அழித்த மருத்துவச்சியை, எல்லாக் குடியினின்றும் வரும் படித்த பெண்களாக, உரிய ஊதியத்தோடும் மதிப்போடும் அழைத்து வருவதே மரபை மீட்பது.

தோழர்களே! பழையது என்பதால் ஒன்றைக் கொள்ளவும் வேண்டா. புதியது என்பதால் ஒன்றைத் தள்ளவும் வேண்டா. தாயும் சேயும் நலமாக வீடு திரும்புகின்றனரா என்பதையே உரைகல்லாகக் கொள்வோம். இந்த அவையில் சூலுற்ற மனைவியையோ மகளையோ மருமகளையோ உடையவர் பலர் இருக்கின்றீர்கள். இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் இரண்டே வினாக்களைக் கேளுங்கள்: "குருதிச் செம்மை எவ்வளவு? நேரம் வந்தால் எந்த ஊர்தி?" விடை தெரியாவிட்டால் நாளைக் காலையில் தொடங்குங்கள். நம் சாலையோரத்தில் இனி ஒரு சுமைதாங்கியும் புதிதாக நடப்படாதிருக்கட்டும்.